கோவையின் பழைய பள்ளிவாசல்களையும் கோட்டைமேட்டையும் ஒரு நாளில் பார்ப்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து மனைவி, எட்டு வயதுப் பையனோடு ஒரு நாள் கோவைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பணக்கார வீதியில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற அந்தப் பெரிய பள்ளிவாசலையும், கோட்டைமேட்டையும் நடந்து பார்க்க ஆசை என்கிறீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா, எந்த நேரம் வரலாம், சுற்றிலும் வேறு என்ன இருக்கிறது, 'அந்த ஏரியா'வுக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று நான்கு கேள்விகள். நான்காவதைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதில்லை, அதற்கும் பதில் சொல்கிறேன்.

நான் பிறந்தது கோட்டைமேட்டில். முப்பது வருஷத்துக்கு மேல் ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதினேன். இப்போது வீடு குனியமுத்தூரில். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் கால் தானாகப் பழைய வீதிக்குத்தான் போகிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

உள்ளே விடுவார்களா என்றால், பெரும்பாலும் விடுவார்கள். நுழைவுச் சீட்டு, வழிகாட்டி, பார்வை நேரம் என்று எதுவும் கிடையாது. அது தினம் ஐந்து வேளை புழங்குகிற இடம். வாசலில் நின்று, தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லும் மோதினாரையோ, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருவரையோ கேட்டால் போதும். "ஏனுங்க, பள்ளி உள்ள பாக்கோணுங்க, பாக்கலாமுங்களா?" என்றால், "எங்கிருந்து வர்றீங்க?" என்று ஒரு கேள்வி வரும். பொள்ளாச்சி என்றதும் அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு கடையையோ மாட்டுச் சந்தையையோ பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். பிறகு, "செருப்ப இங்க விட்டுட்டு வாங்க, பாங்குக்கு முன்னாடி முடிச்சுக்கலாம்" என்று அவரே கூட்டிப்போவார். சில ஜமாத்துகள், அதாவது பள்ளியை நடத்துகிற சபைகள், பிற சமயத்தாரை அழைத்துப் பள்ளியைச் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சிகளும் நடத்துகின்றன.

உங்கள் மனைவி விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுப் பழைய பள்ளிகள் பலவற்றில் பெண்கள் தொழத் தனி இடம் கிடையாது. அதனால் பெண்களை உள்ளே அழைத்துப்போகும் பழக்கம் ஒவ்வொரு ஜமாத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஒரு பள்ளியில் மாடிவரை கூட்டிப்போவார்கள், இன்னொன்றில் முன் தாழ்வாரத்தோடு நிற்கச் சொல்வார்கள். இது எனக்குப் பிடித்த வழக்கம் இல்லை. எங்கள் நன்னி அறுபது வருஷம் பள்ளிக்குப் பின்பக்கச் சந்திலேயே குடியிருந்தும் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆனாலும் வாசலில் வந்து நின்று வாக்குவாதம் செய்வதில் யாருக்கும் பயனில்லை. கேட்டுவிட்டுப் போங்கள்.

உடையில் பெரிய விதி ஒன்றும் இல்லை. முட்டிக்கு மேல் நிற்கிற அரைக்கால் சட்டை பெரியவர்களுக்கு வேண்டாம், பையனுக்குப் பரவாயில்லை. மனைவி முந்தானையையோ துப்பட்டாவையோ தலைக்குப் போட்டுக்கொள்ளட்டும். தொழுதுகொண்டிருக்கிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தனியாகத் தொழுகிறவர் நேரம் கழித்தும் ஓரமாக நின்றுகொண்டிருப்பார், அவர் நெற்றி வைக்கிற இடம்வரை அவருடைய இடம். சின்னப் பிள்ளைகள் அங்கேதான் சரியாக ஓடுவார்கள், பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழுகிற ஆளைப் படம் எடுக்காதீர்கள். கட்டிடத்தை எடுக்கக் கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

செருப்புக்கு ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள். ஒருமுறை ஈரோட்டு நண்பர் ஒருவரை வெள்ளிக்கிழமை மதியம் கூட்டிப்போனேன். ஜும்ஆத் தொழுகைக் கூட்டம் கலைந்தபோது அவருடைய புதுத் தோல் செருப்பு கலைந்துபோகவில்லை, காணாமலே போய்விட்டது. எடுத்தவர் தவறுதலாக மாட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நான் இன்றுவரை சாதிக்கிறேன். அவர் என் ரப்பர் செருப்பில் ஈரோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்து, எதிர்பார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'பழைய பள்ளிவாசல்' என்றதும் கல்தூணும் செதுக்கு வேலையும் மனதில் வருகிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் அது நிஜம். கொங்கு நாட்டில் அப்படி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பழைய பள்ளி என்றால் பழைய இடம் என்று அர்த்தம். மக்கள் பெருகப் பெருக மாடி ஏறியிருக்கும், தரைக்கு கிரானைட் வந்திருக்கும், சுண்ணாம்புச் சுவருக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஒப்பணக்கார வீதி, பெரியகடை வீதிப் பள்ளிகளை ஐதர் அலி காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒப்பணக்கார வீதியின் அத்தர் ஜமாத் பள்ளி, இப்போது நிற்கிற கட்டிடமாகப் பார்த்தாலும் நூறு வருஷத்தைத் தாண்டியது. ஆனால் அந்த வயதைச் சுவரில் தேடாதீர்கள். பெயரிலும், தண்ணீரிலும், நேரத்திலும், சுற்றியிருக்கிற கடைகளிலும் தேடுங்கள்.

முதலில் தண்ணீர். பழைய பள்ளிகளில் நுழைந்ததும் ஹவுள் இருக்கும். தொழுகைக்கு முன் ஒளு செய்கிற, அதாவது முகம் கை கால் கழுவுகிற தொட்டி. இன்று பல இடங்களில் அதை மூடிவிட்டு வரிசையாகக் குழாய் வைத்துவிட்டார்கள். எஞ்சியிருக்கிற ஹவுள் ஒன்றைப் பார்த்தால் அதன் அளவைக் கவனியுங்கள். மத்ஹபு என்றால் மார்க்கச் சட்ட வழி. அவற்றில் ஒன்றான ஹனஃபி மத்ஹபுச் சட்டத்தில் பத்து முழத்துக்குப் பத்து முழம் உள்ள தேங்கிய நீர் 'பெரிய தண்ணீர்'. எத்தனை பேர் கை கால் கழுவினாலும் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை அசுத்தமாகாது. அதாவது சுமார் பதினைந்து அடிச் சதுரம். பல ஹவுள்கள் அந்த அளவுக்குக் குறையாமல் இருப்பதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை, சட்டம்தான் காரணம். சின்ன வயதில் எங்கள் பள்ளி ஹவுளில் மீன் விட்டிருந்தார்கள். பாசி தின்னட்டும் என்றுதான். ஓதப் போன நாங்கள் கால் கழுவுகிற சாக்கில் மணிக்கணக்காகப் படியில் உட்கார்ந்து, பெருவிரலை மீன் கொத்துகிறதா என்று பார்ப்போம். ஒருநாள் நான் தூங்கி வழுக்கி உள்ளே விழுந்தேன். ஓதிக்கொடுக்கிற அஜரத் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வெளியே எடுத்துப் போட்டு, முதல் வேலையாக இரண்டு அடி போட்டார். பிறகுதான் துவட்டிவிட்டார்.

உள் மண்டபத்தில் சிலையோ படமோ கிடையாது என்பது தெரிந்திருக்கும். மேற்குச் சுவரில் ஒரு மாடம் மாதிரி உள்வாங்கியிருப்பது மிஹ்ராப், இமாம் நிற்கிற இடம். பக்கத்தில் சில படிகளோடு இருப்பது மிம்பர், வெள்ளிக்கிழமைப் பிரசங்க மேடை. தரை விரிப்பில் கோடு கோடாக இருப்பது சஃப், வரிசை. இந்தக் கோடு சுவருக்கு நேராக ஓடுகிறதா, சாய்வாக ஓடுகிறதா என்று பாருங்கள். கோவையிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சுமார் இருபது பாகை வடக்கே தள்ளி இருக்கிறது. வீதியை ஒட்டிக் கிடைத்த மனையில் கட்டிய பள்ளிகளில், கட்டிடம் ஒரு திசையைப் பார்க்கும், விரிப்பு வேறு திசையைப் பார்க்கும். திசைகாட்டி வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு கோட்டைத் திருத்திய பள்ளிகளும் உண்டு. உங்கள் பையனிடம் போனில் திசைகாட்டியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், அவனுக்கு அதுதான் அன்றைய சிறப்பு நிகழ்ச்சியாக இருக்கும்.

அப்புறம் அந்தக் கடிகாரப் பலகை. ஒரே பலகையில் ஆறு கடிகார முகம் இருக்கும். விடியலுக்குச் சுபுஹு, மதியத்துக்கு லுஹர், மாலைக்கு அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், இரவுக்கு இஷா, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு ஜும்ஆ. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும், "எல்லாக் கடிகாரமும் நின்னு போச்சே" என்பார்கள். அவை ஓடுவதற்கு வைத்தவை அல்ல. சூரியனை ஒட்டித் தொழுகை நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், எல்லாரும் சேர்ந்து தொழுகிற ஜமாத் தொழுகை எப்போது என்று மோதினார் சில நாளுக்கு ஒருமுறை ஏணி போட்டோ கையை நீட்டியோ முள்ளை நகர்த்தி வைப்பார். இப்போது மின்பலகை வந்துவிட்டது. மரப்பலகை கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள். கைபட்டுக் கைபட்டு முள்ளின் கறுப்புச் சாயம் நுனியில் மட்டும் போயிருக்கும்.

நேரக் கேள்விக்கு இங்கேயே பதில். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் தோது. சுபுஹு முடிந்து லுஹருக்குப் பாங்கு சொல்கிறவரை நீண்ட இடைவெளி, பள்ளி காலியாக இருக்கும். கோவையில் சூரியன் உச்சி தாண்டுவதே பருவத்தைப் பொறுத்துப் பன்னிரண்டு அஞ்சுக்கும் பன்னிரண்டு முப்பத்தேழுக்கும் இடையில்தான், லுஹர் அதற்குப் பிறகு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை தவிர்த்துவிடுங்கள். வீதிவரை பாய் விரித்திருப்பார்கள், உங்களுக்கும் பார்க்க முடியாது, அவர்களுக்கும் இடைஞ்சல்.

மாலையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கோட்டைமேட்டுப் பெரிய பள்ளியின் பெயர் கோட்டை ஹிதாயத்துல் இஸ்லாம் ஷாஃபிய்யா ஜமாத். ஷாஃபி என்பது இன்னொரு மத்ஹபு, அது பெயரிலேயே இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. இரண்டுக்கும் அஸர் நேரம் வேறு. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக வளர்ந்ததும் ஷாஃபிக்கு அஸர். ஹனஃபிக்கு இரண்டு மடங்கு வளர வேண்டும். உச்சி நேரத்தில் ஏற்கெனவே இருந்த நிழலைக் கழித்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. ஆகவே ஒரு பள்ளியில் பாங்கு சொல்லி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, நடக்கிற தூரத்தில் இன்னொரு பள்ளியில் அதே வேளைக்குப் பாங்கு வரும். கடையில் கணக்கு எழுதிய காலத்தில் எங்கள் முதலாளி, நல்ல சைவர், "பாய், இன்னிக்கு நீங்க எந்த அஸருக்குப் போறீங்க, முதல் ஆட்டமா ரெண்டாம் ஆட்டமா?" என்று கேட்பார். எந்த மத்ஹபுப் பள்ளி என்று வெளியில் நின்றே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மஃரிப் தொழுகையில் இமாம் முதல் அத்தியாயத்தை ஓதி முடித்ததும் கூட்டம் முழுக்கச் சத்தமாக "ஆமீன்" சொன்னால் ஷாஃபி. உதட்டுக்குள் சொல்லிக்கொண்டால் ஹனஃபி. மத்ஹபு எதையும் பின்பற்றாத தவ்ஹீதுக்காரர்களும் சத்தமாகத்தான் சொல்வார்கள், அது தனிக் கதை.

இப்போது பெயர். அத்தர் ஜமாத் என்பதில் வருகிற அத்தர், நிஜமாகவே வாசனை அத்தர்தான். அத்தர் வியாபாரிகள் முன்னின்று கட்டிய பள்ளி என்பதால் அந்தப் பெயர். ஒரு தொழில்காரர் கூட்டம் தன் பெயரிலேயே பள்ளி கட்டுகிற அளவுக்கு இந்த வீதியில் வாசனை விற்றிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்றும் பள்ளிகளை ஒட்டித் தொப்பி, தஸ்பீஹ் மணி, சுர்மா, அத்தர் விற்கிற சின்னக் கடைகள் இருக்கும். ஒன்றில் கட்டாயம் ஏறுங்கள்.

அத்தரில் ஆல்கஹால் கிடையாது. பூவைச் செம்புக் கலத்தில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாக இன்னொரு கலத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கலத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். ஆவி குளிர்ந்து இறங்கும்போது பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்துக்கொள்ளும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றும் இப்படித்தான். சந்தன எண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், மலிவான சரக்கில் அதன் இடத்தில் வாசனையற்ற பாரஃபின் எண்ணெய் இருக்கும். கடைக்காரர் மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியால் உங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். உடனே தேய்த்து மூக்கில் வைக்காதீர்கள். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முகருங்கள். மலிவுச் சரக்கு அதற்குள் முகம் மாறிவிடும். பல வாசனை கலந்த நல்ல மஜ்மூஆ அத்தர் என்றால் சாயங்காலம் பொள்ளாச்சி பஸ்ஸிலும் உங்களோடு வரும். மண்வாசனை அத்தர் ஒன்று உண்டு, சுட்ட மண்ணைக் காய்ச்சி எடுப்பது. மழை பெய்த களத்துமேட்டு வாசம். விவசாயக் குடும்பத்து ஆள் நீங்கள், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய ஆட்கள் ஒரு துளிப் பஞ்சில் நனைத்துக் காது மடலுக்குள் செருகிக்கொள்வார்கள். என் அத்தா வெள்ளிக்கிழமை செருகிய பஞ்சு திங்கட்கிழமை வரை இருக்கும்.

ஒப்பணக்கார வீதியிலிருந்து உக்கடம் பக்கமாகப் பதினைந்து நிமிடம் நடந்தால் கோட்டைமேடு. கோட்டை எங்கே என்று கேட்காதீர்கள், பெயர் மட்டும்தான் மிச்சம். மைசூரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை இது. 1790-ல் தளபதி மெடோஸின் படை கோவையை எடுத்தது. மறு வருஷம் திப்புவின் படை முற்றுகையிட்டது. லெப்டினன்ட் சால்மர்ஸ் என்பவர் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, 1791 நவம்பரில் சரணடைந்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம், திண்டுக்கல் எல்லாம் கைமாறியபோதும் கோவை திப்புவிடமே இருந்தது. 1799-ல் அவர் மாண்டபின்தான் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வந்தது. திப்பு காலத்துப் பள்ளியைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் ஜாமியா மசூதி இருக்கிறது. அவர் கட்டியது, அவரே அங்கே தொழுதார் என்று சேலத்துக்காரர்கள் சொல்வார்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைமேட்டின் சந்துகளில் காது கொடுத்து நடங்கள். ஒரு வீட்டில் கொங்குத் தமிழ், அடுத்த வீட்டில் தக்கனி உருது, அதற்கடுத்து பாலக்காட்டு மலையாளம். பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர்தான், கணவாய் வழியாகக் காற்று மாதிரி ஆட்களும் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இதே கோட்டைமேட்டில்தான் சங்கமேஸ்வரர் கோயில், ஊரார் சொல்வது கோட்டை ஈஸ்வரன் கோயில். கோட்டைக்குள் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே இருந்தன, கோட்டை போனபின்னும் அவை இரண்டும் நிற்கின்றன.

நான்காவது கேள்வி இங்கேதான் வருகிறது. 1997 கடைசியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பும் இந்த வீதிகளை எப்படி ஆக்கின என்பதை நான் உள்ளே இருந்து பார்த்தவன். ஐம்பத்தெட்டு உயிர். அதற்குப்பின் வருஷக்கணக்கில் கோட்டைமேடு என்றால் ஆட்டோ வராது, பெண் கொடுக்க யோசிப்பார்கள், வேலைக்கு மனு போட்டால் முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார்கள். என் மகனுக்கே அது நடந்தது. குனியமுத்தூருக்கு வீடு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபர் 23 விடியற்காலையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பாகக் கார் வெடித்தபோது, 'மறுபடியுமா' என்று வயிறு கலங்கியது. சில நாளில் ஜமாத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்க் கோயில் தரப்பினரைச் சந்தித்துப் பேசினார்கள். இதையெல்லாம் மூடி மறைத்து, 'இங்கே எல்லாம் எப்போதும் அமைதி' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பகலில், குடும்பத்தோடு, நடந்து போய் வர உங்களுக்கு ஒரு பயமும் வேண்டாம். அதிகபட்ச ஆபத்து, குறுகிய சந்தில் சரக்கு ஆட்டோ உங்கள் காலில் ஏறுவது. போலீஸ் நிற்பார்கள், அதைப் பார்த்து மிரளாதீர்கள்.

மாசி மாதம் வர முடிந்தால் இன்னும் நல்லது. கோனியம்மன் தேர் புதன்கிழமை மாலை ராஜவீதித் தேர்நிலைத் திடலில் புறப்பட்டு ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி சுற்றி வரும். அப்போது ஒப்பணக்கார வீதியில் ஜமாத்தார் தேர் இழுக்கிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். மத நல்லிணக்கம் என்று பத்திரிகையில் படம் வரும். நாங்கள் பார்க்கிற விதம் வேறு. மாசி வெயிலில் ஆயிரக்கணக்கான பேர் வாசலில் வந்து நிற்கும்போது தண்ணீர் கொடுக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் அந்த வீதியில் மறுநாள் எப்படிக் கடை திறப்பது?

சுற்றியுள்ள மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியகடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம், அமைதியாக அரை மணி உட்கார நல்ல இடம். 1892-ல் கட்டிய விக்டோரியா டவுன்ஹால், மாநகராட்சி மன்றம் கூடுவது அங்கேதான், வெளியில் நின்று பார்த்தால் போதும். பக்கத்தில் மணிக்கூண்டு. உக்கடம் பெரியகுளக் கரையில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள், பையன் ஓட அது தோது. நொய்யலில் வெள்ளம் வந்தால் நிரம்புகிற குளங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. 2024-ல் திறந்த உக்கடம் மேம்பாலம் வந்தபின் அந்த முக்கில் நடப்பது முன்பைவிடப் பரவாயில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் மட்டும் ஒப்பணக்கார வீதிக்கு எதற்காகவும் வராதீர்கள். காரில் எப்போதுமே வராதீர்கள், நிறுத்த இடமில்லை.

சாப்பாடு. என்.எச். ரோட்டிலும் கோட்டைமேட்டிலும் பிரியாணிக் கடைக்குப் பஞ்சமில்லை. சீரகச் சம்பா அரிசியில் போடுகிற கடையாகப் பார்த்து ஏறுங்கள், மதியம் பன்னிரண்டரைக்கே ஏறுங்கள். தம் திறந்த முதல் அரை மணியில் கிடைக்கிற சோறு இரண்டு மணிக்குக் கிடைக்காது. நோன்பு மாதத்தில் வந்தால் பகலில் கடைகள் தூங்கும், சாயங்காலம்தான் வீதி விழிக்கும். அஸர் முடிந்ததும் பள்ளிகளில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால், புதினா, மல்லி. அரிசியில் ஒரு பங்கு அரசாங்கமே பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. தூக்குப்போசியோடு வரிசையில் நிற்கிறவர்களில் யார் எந்த மதம் என்று ஊற்றுகிறவர் பார்ப்பதில்லை, போசி சின்னதா பெரிதா என்றுதான் பார்ப்பார். கறி சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கறி போடாமல் வைக்கிற பள்ளிகளும் உண்டு.

மஃரிப் வரை இருக்க முடிந்தால் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். மற்றத் தொழுகைகளுக்குப் பாங்குக்கும் ஜமாத்துக்கும் நடுவே அவகாசம் இருக்கும். மஃரிப் அப்படியில்லை, சூரியன் விழுந்ததும் பாங்கு, சில நிமிடத்தில் தொழுகை, பத்து நிமிடத்தில் கூட்டம் வெளியே வரும். அந்த நேரம் பார்த்துப் பள்ளி வாசலுக்கு வெளியே பெண்கள் கைக்குழந்தையோடு வரிசையாக நிற்பார்கள். பாதிக்கு மேல் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி அழுகிறது, பயந்துகொண்டது, சோறு இறங்கவில்லை. தொழுது வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று, உதட்டுக்குள் ஏதோ ஓதி, பிள்ளை முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். மீன் மார்க்கெட் ஆளும் ஊதுவார், நகைக்கடை முதலாளியும் ஊதுவார், ஒன்பதாம் வகுப்புப் பையனும் வெட்கத்தோடு ஊதுவான். சிலர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டுவார்கள், அதிலும் ஒரு ஊது. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று வாதிடுகிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களும் பிள்ளையை நீட்டினால் ஊதிவிட்டுத்தான் போகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து உக்கடம் பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான், பொள்ளாச்சி பஸ் அங்கேயே கிடைக்கும். ஏழு மணி வண்டியில் உட்கார இடம் பிடிப்பது கஷ்டம், பையனை முதலில் ஏற்றிவிடுங்கள்.